கொரங்காட்டில் ஆடு மேயாத வருடம்

1

நேற்று இங்கே புல் அறுப்பு. நான் குடியிருக்கும் இந்த ஆங்கிலச் சிற்றூரின் விளிம்பில் ஒரு பழைய புல்வெளி இருக்கிறது. யாரும் அதை உழுததில்லை. குளிர்காலம் முழுக்க அதில் ஆடுகள் மேயும். வசந்தம் வந்ததும் அவற்றை வெளியே ஓட்டிக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஜூன் மாதம் பூக்கள் வரும். ஜூலைக் கடைசியில், விதை உதிர்ந்த பிறகு, புல்லை அறுத்துக் காயவைத்து வாரிக்கொண்டு போவார்கள். மறுபடி ஆடுகள். எத்தனையோ தலைமுறையாக இதே ஒழுங்குதான். அதனால்தான் அங்கே காட்டு ஆர்க்கிட் பூக்கிறது. உரம் போட்டாலோ, அறுக்காமலும் மேய்க்காமலும் விட்டாலோ, முரட்டுப் புல் எழுந்து அதை மூடிவிடும்.

இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தக் கதவில் மாட்டியிருக்கும் விளக்கப் பலகையின் வாசகத்தை எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

ஓய்வு பெற்றதிலிருந்து ஒவ்வோர் அறுப்புக்கும் புல் வாரும் தொண்டர்களில் ஒருவனாகப் போய் வந்தேன். இந்த வருடம் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன். அப்படியும் அறுத்த புல்லின் வாசனை வீட்டுக்குள் வந்துவிட்டது.

பல்லடத்துக்குக் கிழக்கே எங்களுக்கு இருக்கும் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் நான் செய்துவிட்டு வந்த காரியத்தை ஊர்க்காரர்களும் படிக்கும்படி எழுதிவிட வேண்டும் என்று அப்போது தோன்றியது. என்னைப் பற்றி அங்கே இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்களாம். காட்டை வீட்டுமனையாக்கிச் சைட்டு போட்டு விற்கப் பார்த்தேன் என்பது ஒன்று. மனைவி போன பிறகு புத்தி பிசகிவிட்டது என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. நடந்தது இவற்றைவிட மோசமானது.

2

நான் சாயம் படித்தவன். கோவையில் வேதியியல் முடித்து, துணிச்சாயத்தில் மேல்படிப்புக்கு இங்கே வந்து, ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்துத் தங்கிவிட்டேன். ஊரில் தம்பி பழனிச்சாமி வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டுப் பின்னல் மெஷின் ஓட்டுகிறான். நான் இங்கே நீலத்துக்கும் கருநீலத்துக்கும் நடுவில் இருக்கும் நிறங்களை அளந்து வேலைக் காலத்தைக் கழித்தேன்.

வந்த முதல் ஜூனில்தான் ஆர்க்கிட்டைப் பார்த்தேன். ஒரு சாண் உயரத் தண்டு. அதில் அடுக்கடுக்காக இளஞ்சிவப்புப் பூக்கள். ஒவ்வொன்றின் கீழுதட்டிலும் மெல்லிய பேனாவால் கிறுக்கியதைப் போலக் கோடுகள். நின்றுகொண்டு பார்த்தால் அது வெறும் சிவப்புத் திட்டு. மண்டியிட்டால்தான் கோடுகள் தெரியும். நிறத்தையே தொழிலாகக் கொண்டவனுக்கு அந்தச் சிவப்பு பிடித்துப்போனது. கேமரா வாங்கினேன். குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, காற்று ஓயும் நொடிக்காக மூச்சடக்கி எடுக்கப் பழகினேன். வெயில் நேராக விழுந்தால் பூ வெளுத்துப்போகும். யாராவது ஒரு வெள்ளைக் குடையைப் பிடித்து வெயிலை வடிகட்ட வேண்டும். அந்தக் குடையைப் பிடித்தவள் என் மகள் மாலதி. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஜூன் மாதத்துச் சனிக்கிழமைக் காலைகளில், ஈரப் புல்லில், நானும் அவளும். எங்கள் இருவருக்குமான நல்ல காலம் அதுதான் என்று நம்பியிருந்தேன்.

பிறகு அவள் படிக்கப் போனாள், வேலைக்குப் போனாள், வேறு நகரத்தில் குடியேறினாள். பேச்செல்லாம் அம்மாவுடன்தான். அம்மாவிடமிருந்து எனக்குச் செய்தி வரும். என் மனைவி சரோஜா இறந்த பிறகு செய்தி வரும் வழி அடைபட்டுப் போயிற்று. புல்வெளித் தொண்டர்கள் வருடா வருடம் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று அதில் ஒரு கட்டம். சரோஜா இறந்த வருடம் அதில் மாலதியின் எண்ணை எழுத வேண்டியிருந்தது. மகளின் எண் எனக்கு மனப்பாடமாகத் தெரியவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் காத்திருக்க, போனில் தேடி எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாலதி கூப்பிடுவாள். என்ன சாப்பிட்டீங்க, மாத்திரை போட்டீங்களா, அங்கே மழையா. இந்த மூன்றும் தமிழில். அதைத் தாண்டினால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னவற்றையும் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன். நான் விடாமல் தமிழிலேயே பதில் சொல்வேன். சீக்கிரமே பேச்சு தீர்ந்துவிடும்.

3

சரோஜா போன மறு வருடம், ஐப்பசியில் ஊருக்குப் போனேன்.

வெளி மாவட்ட வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கொரங்காடு என்பது எங்கள் பக்கத்தில் மேய்ச்சலுக்கென்றே விட்டுவைக்கும் காடு. சுற்றிலும் கிளுவை நட்டு வளர்த்த உயிர்வேலி. உள்ளே அங்கங்கே வெள்வேல மரம். அடியில் கொழுக்கட்டைப் புல். நுழைய முள்ளும் மூங்கிலும் வைத்துக் கட்டிய ஒரு படல். ஆடு மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் மேய்க்கத் தனியாக ஆள் வேண்டாம். எங்கள் காட்டை மயிலாத்தாள் என்பவள் மேய்ச்சல் குத்தகைக்கு வைத்திருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். புருஷன் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர், குடும்பத்தோடு அங்கேயே இருந்தான். ஒரு பட்டி ஆடுதான் அவளுக்குத் துணை.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் வேலியோரமாக நடந்தேன். இரண்டு இலைகள் தரையோடு ஒட்டிப் படர்ந்திருந்தன. நடுவில் ஒரு தண்டு. அதில் நெருக்கமாக வெள்ளைப் பூக்கள். குனிந்தேன். ஒவ்வொரு பூவின் கீழுதடும் மூன்றாகக் கிழிந்திருந்தது, பின்னால் மெல்லிய வால். ஆர்க்கிட். இன்னும் கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. சிறு வயதில் நான் ஓடித் திரிந்த காட்டில், நான் ஒரு முறைகூடக் குனிந்து பார்க்காத இடத்தில்.

வீட்டுக்கு ஓடிப்போய்க் கேமராவையும் முக்காலியையும் எடுத்துவந்தேன். முக்காலியை நட்டுப் பார்த்தேன், உயரம் சரிவரவில்லை. அப்படியே விட்டுவிட்டுக் குப்புறப் படுத்தேன். யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது.

"சாமீ! பாம்பு கீது தீண்டிப்போட்டுதுங்களா?"

"ஒண்ணுமில்ல மயிலா. பூவைப் படம் பிடிக்கிறேன்."

"பூவுக்கா இப்படி உளுந்து கெடக்கறீங்க? எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சுங்க."

"இதுக்கு இங்கே என்ன பேர்?"

"இதுக்கெங்கீங்க பேரு. மழை பேஞ்சா வருது. ஆடு திங்குது."

சொல்லி வாய் மூடவில்லை. ஒரு வெள்ளாடு என் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி, நான் குறி பார்த்திருந்த தண்டை ஒரே கடியில் இழுத்துக்கொண்டது.

"அடியே, உன்ற வாயில மண்ணு விழ! லண்டன்ல இருந்து வந்து படம் புடிக்கறாங்க, உனக்கு அதுதான் கெடச்சுதா?" என்று ஆட்டை விரட்டினாள் மயிலாத்தாள். பிறகு வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள். "உடுங்க சாமி. ருசியாத்தான் இருந்திருக்கும்."

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே கோபம் ஏறியது. என் பூவை இவள் ஆடு தின்றுவிட்டது என்று மனதில் ஓடியது.

கிடைத்தது ஒரே படம். பூ கலங்கலாக இருந்தது. ஓரத்தில் ஆட்டின் மூக்கு. அதை மாலதிக்கு அனுப்பினேன். அன்று ஞாயிறு இல்லை, ஆனாலும் கூப்பிட்டாள்.

"அப்பா, இது நம்ம லேண்டா?"

"உன் தாத்தா காடு. இந்தப் பக்கமெல்லாம் இது இருக்கும்னு நான் நினைச்சே பார்க்கல." நான் பேசிக்கொண்டே போனேன். இலை, வால், கிழிந்த உதடு. அவள் குறுக்கிடவில்லை.

கடைசியில் சொன்னாள்: "அடுத்த வருஷம் இது பூக்கறப்ப நான் வரட்டா? சீரியஸாத்தான்பா கேக்கறேன்."

நாற்பதைக் கடந்த என் மகள், கல்யாணமோ சாவோ இல்லாமல், தானாக ஊருக்கு வருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் வரும்போது அந்தப் பூ இருந்தாக வேண்டும். வேறு எதுவும் எனக்கு முக்கியமாகப் படவில்லை.

4

திரும்புவதற்கு முன் மயிலாத்தாளைக் காட்டுக்கு வரச் சொன்னேன். நான் எடுக்க மறந்த முக்காலி இன்னும் அங்கேயே நட்டபடி இருந்தது.

"அடுத்த ஆடி பிறந்ததும் படலைச் சாத்திவிடு. தை வரைக்கும் ஓர் ஆடும் உள்ளே வரக்கூடாது. அந்த மாதங்களுக்குக் குத்தகை தர வேண்டாம்."

அவள் முக்காலியைப் பார்த்தாள். "அளவெல்லாம் எடுத்தாச்சுங்களா சாமி?"

"என்ன அளவு?"

"ஒண்ணுமில்லீங்க. ஆகட்டுங்க."

குத்தகை வேண்டாம் என்று சொன்னதில் எனக்கு நான் தாராளமானவன் என்ற நினைப்பு. காரணம் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. எங்கள் பக்கத்தில் குத்தகைக்காரர்கள் காட்டுக்காரரிடம் முடியாது என்று சொல்வதில்லை. ஆகட்டுங்க என்பார்கள். அதற்குள் சம்மதம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முகத்தைப் பார்த்து அறிந்துகொள்ள வேண்டும். இத்தனை காலம் வெளிநாட்டில் இருந்ததில் அது எனக்கு மறந்துவிட்டது என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். மறக்கவில்லை. முகத்தைப் பார்க்காமல் இருப்பது வசதியாக இருந்தது.

நான் இங்கே திரும்பிய பிறகு தம்பி மட்டும் போனில் கேட்டான். "ஆடு உடாமப் போட்டா காடு என்னாகுங்ணா?"

"காடு தன்னைப் பார்த்துக்கும்."

"செரிங்ணா. உங்களுக்குத் தெரியாததா."

விளக்கப் பலகை எழுதியவன் நான். இங்கே கதவைச் சாத்தினால் ஆடுகளுக்கு வேறு வயல் உண்டு. சாத்திய பிறகு அறுப்பும் உண்டு. இந்த ஊர் முறையில் பாதியைப் பிய்த்து அங்கே கொண்டுபோய் வைத்தேன். ஆடி முதல் தை வரை என்றால், எங்கள் பக்கத்தில் பச்சை இருக்கும் மாதங்களே அவைதான். மயிலாத்தாளுக்கு வேறு காடு கிடையாது. இந்தக் கணக்கு எனக்குத் தெரியாததல்ல. இந்த ஊரில் நான் புல் வாரும் தொண்டன். எதைச் செய்வதற்கும் நாலு பேரைக் கேட்பேன். அங்கே காலை வைத்ததும் காட்டுக்காரன் ஆகிவிட்டேன்.

5

அடுத்த ஐப்பசியில் மாலதி வந்தாள். வெள்ளைக் குடையை நான் பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன்.

அந்த வருடம் நல்ல மழை. படலைத் திறந்தபோது உள்ளே எனக்குத் தெரிந்த காடு இல்லை. புல் இடுப்பளவு. பழைய புல் சாய்ந்து மெத்தைபோலப் படுத்திருக்க, அதைப் பிளந்துகொண்டு புதுப் புல் எழுந்திருந்தது. வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேலங் கன்றுகள் முள்ளோடு கிளம்பியிருந்தன. வேலியோரம் எது, நடு எது என்றே தெரியவில்லை. குச்சியால் புல்லை விலக்கி விலக்கித் தேடினேன். மாலதி குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். வெயில் ஏறிவிட்டது.

"போதும்பா."

"அந்த மூலையைப் பார்த்துடலாம்."

"பூ இல்லைன்னா பரவால்லப்பா." குடையை மடக்கினாள். "எனக்கு ஆர்க்கிட் பிடிக்காது. சின்ன வயசுலயே பிடிக்காது. கை வலிக்கும், அசையக் கூடாதும்பீங்க. அம்மா போகச் சொல்வாங்க, அதான் வருவேன்."

குச்சியைக் கீழே போட்டேன்.

"அப்புறம் எதுக்கு இத்தனை தூரம் வந்தே?"

"அன்னிக்கு போன்ல சந்தோஷமா பேசினீங்க. அம்மா போனப்புறம் நீங்க அப்படிப் பேசினதே இல்ல." சுற்றிலும் பார்த்துவிட்டு, "போட்டோல ஒரு ஆடு மூக்கை நீட்டிட்டு இருந்துச்சே, அது எங்கே? ஒரு ஆட்டைக்கூடக் காணோம்" என்றாள்.

சொன்னேன். முழுக்கச் சொல்லும்வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்க வீடு எங்கே?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் மயிலாத்தாள் வீட்டில் இருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "வாங்க சாமி. வாங்க அம்மிணி. உங்க பொண்ணுங்களா? அம்மாவாட்டமே இருக்கறாங்க."

பட்டி இருந்த இடத்தில் கொடி கட்டித் துணி காயப் போட்டிருந்தாள்.

"உங்க ஆடெல்லாம் எங்கே?" என்றாள் மாலதி.

"அதெல்லாம் ஆடியிலயே வித்துப்போட்டனுங்க. காட்டுல சைட்டு போடறாங்கன்னு ஊரே பேசுச்சு. அளவெடுக்கற மெசினு நட்டுட்டாங்க, படலச் சாத்தச் சொல்லிட்டாங்க. இனி எங்க கொண்டுபோயி மேக்கறது?"

"சைட்டா?" என்றேன். "அது கேமரா வைக்கிற ஸ்டாண்ட், மயிலா. பூவுக்காகத்தான் சாத்தச் சொன்னேன்."

"பூவுக்கா?" அவள் என்னைப் பார்த்தாள், மாலதியைப் பார்த்தாள். "அந்த வெள்ளப் பூவுக்குங்களா?"

போன வருடம் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தவள், இப்போது சிரிக்கவில்லை.

"அப்பா உங்ககிட்ட எதுக்குன்னு சொல்லவே இல்லையா?"

"நம்மகிட்ட எதுக்குங்க அம்மிணி சொல்லணும். காடு அவங்க காடு."

"இப்ப என்ன பண்றீங்க?"

"பனியன் கம்பெனில தெச்ச துணில நூல் பிசிறு வெட்டறனுங்க. காலைல வண்டி வருது, ஏறிக்கறேன். நெழல்ல உக்காந்து வேலை. ஒண்ணும் கொறையில்லீங்க." கொடியில் கிடந்த துணியை இழுத்துச் சரிசெய்தாள். "சாயங்காலம் வந்தாத்தான் ஊடு ஒரு மாதிரி இருக்குது. ஒரு சத்தம் இல்லீங்க. முன்னெல்லாம் நான் வர்றது தெரிஞ்சாலே கத்துமுங்க."

என்னால் உட்கார முடியவில்லை. "ஆடு வாங்கித் தர்றேன், மயிலா. நாளைக்கே படலைத் திறந்துவிடறேன். பழையபடி..."

"வேண்டாங்க."

சாந்தமாகத்தான் சொன்னாள். சாமி என்ற சொல் மட்டும் உடன் வரவில்லை.

"நீங்க வீட்டுக்குப் போங்கப்பா," என்றாள் மாலதி. "நான் அப்புறம் வர்றேன்."

அவள் தரையில் மயிலாத்தாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. நான் தனியாக நடந்து வீட்டுக்கு வந்தேன். மாலதி இருட்டும் நேரத்தில் வந்து, சாப்பிட்டாகிவிட்டது என்றாள். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. மிச்சமிருந்த நாட்களில் மாலையில் கம்பெனி வண்டி திரும்பி வரும் நேரம் பார்த்துத் தினமும் அங்கே போனாள். ஒரு மாலை அந்த வழியாகப் போனேன். இருவரும் வாசலில் உட்கார்ந்து எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் மூன்று கேள்விக்கு மேல் தாங்காத அவளுடைய தமிழ், அங்கே தடுக்கிக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தது. நான் நெருங்கினால் மயிலாத்தாள் எழுந்து நிற்பாள் என்று தெரியும். திரும்பிவிட்டேன்.

6

தம்பியிடம் படலை எடுத்துவிடச் சொல்லிவிட்டு வந்தேன். யார் வேண்டுமானாலும் மேய்த்துக்கொள்ளட்டும், குத்தகையே வேண்டாம் என்றேன். போன மாதம் பேசும்போது அங்கே ஆடு மேய்கிறதா என்று கேட்டேன்.

"ஆரு இருக்கறாங்ணா ஆடு மேய்க்க? நம்ம ஊர்ல பட்டி வெச்சிருந்தது ரெண்டு மூணு பேருதான். அவங்களும் கம்பெனி வண்டி ஏறிட்டாங்க."

"வேலிகாத்தான்?"

"அது ஆளுயரம் வந்துருச்சுங்ணா."

மண்ணுக்கடியில் அந்தப் பூவின் கிழங்கு சில வருடம் உறங்கிக் கிடக்கும். அதற்குமேல் தாங்குமா என்று எனக்குத் தெரியாது. என் கணினியில் இந்த ஊர் ஆர்க்கிட் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பலவற்றில் ஓரமாக ஒரு சிறிய கையும் குடைக் கம்பியும் தெரியும். பூ கெடாமல் ஓரத்தை வெட்டிவிடலாம் என்று அவற்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். இப்போது அவற்றை மட்டும்தான் திறந்து பார்க்கிறேன். விரல்கள் கம்பியை இறுக்கிப் பிடித்திருப்பது தெரிகிறது. இத்தனை வருடம் அதை நான் பார்த்ததில்லை.

போன ஞாயிறு மாலதி கூப்பிட்டாள். மாத்திரையும் மழையும் முடிந்த பிறகு, ஐப்பசியில் ஊருக்குப் போவதாகச் சொன்னாள். டிக்கெட் எடுத்தாகிவிட்டதாம்.

"இந்த வருஷமும் பூ இருக்காதும்மா."

"பூவுக்கு இல்லப்பா. மயிலக்கா வரச் சொல்லியிருக்காங்க. ஒரு வாரம் அவங்க ஊட்டுலதான் தங்கப் போறேன்."

ஊட்டுல என்றாள். அந்தச் சொல்லை நான் அவளுக்குக் கற்றுத் தந்ததில்லை. இங்கே வந்த புதிதிலேயே என் பேச்சிலிருந்து அதை உதிர்த்துவிட்டேன்.

போனை மறு காதுக்கு மாற்றினேன். பிறகு, "நானும் வரட்டுமா?" என்று கேட்டேன்.



"மயிலக்காகிட்டக் கேட்டுச் சொல்றேன்ப்பா," என்றாள்.

இன்னும் சொல்லவில்லை.